டைமிங் செயினை மாற்றுவது எப்போது?
சத்தம் கேட்டவுடனா? செயின் அறுந்த பிறகா?

காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஆகுர்டியில் விடியும் முன்பே எழுந்துவிடுகிறார்கள். நிக்டியில் இருந்தும், சிஞ்ச்வடில் இருந்தும், போசரியில் இருந்தும் மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாகப் புறப்படுகின்றன. பழைய மும்பை-புனே ரோடு மோட்டார் சைக்கிள் சத்தத்தால் நிறைந்துவிடுகிறது.

அந்தச் சத்தத்தில் ஒரு சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும்.

"கர... கர... கர..."

தகர டப்பாவில் நாலு ஆணியைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் அது. வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் கேட்கும். கொஞ்சம் வேகம் எடுத்தால் மறைந்துவிடும். சிக்னலில் நின்றால் மறுபடியும் வரும்.

வண்டிக்காரர் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் நிறுத்துகிறார். மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்கிறார். "டைமிங் செயின் போயிருக்கு. மாத்திடலாம்" என்கிறார்.

உடனே மாற்றுவதா? அடுத்த சம்பளம் வரை ஓட்டுவதா? உண்மையிலேயே செயின்தான் போயிருக்கிறதா? அல்லது வேறு கோளாறா?

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு இது சின்னக் கேள்வி அல்ல. தேவை இல்லாமல் மாற்றினால் பணம் வீண். மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாவிட்டால் என்ஜினே வீணாகிவிடும்.

முடிவு எடுக்கும் முன்பு, இந்தச் செயின் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சேத்தக்கில் இல்லாத செயின்

ஆகுர்டி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது பஜாஜ் ஸ்கூட்டர்தான்.

பஜாஜ் ஆட்டோ கம்பெனி 1945-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி "பச்ராஜ் டிரேடிங் கார்ப்பரேஷன்" என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1948-ல் இருந்து வெளிநாட்டு ஸ்கூட்டர்களையும், மூன்று சக்கர வண்டிகளையும் இறக்குமதி செய்து விற்றது. 1959-ல் இங்கேயே தயாரிக்க மத்திய அரசின் லைசென்சு கிடைத்தது. இத்தாலி நாட்டு பியாஜியோ கம்பெனியின் ஒப்பந்தத்தோடு வெஸ்பா ஸ்கூட்டர்கள் தயாராயின. 1971-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. மறு ஆண்டு, 1972-ல், "சேத்தக்" வந்தது.

ஒரு சேத்தக் வாங்குவதற்குப் பல ஆண்டுகள் காத்திருந்த காலம் அது. புக்கிங் செய்துவிட்டு, வீட்டில் குழந்தை பிறந்து அது பள்ளிக்கூடம் போகிற வயதில் வண்டி கைக்கு வந்த குடும்பங்களும் உண்டு.

அந்தச் சேத்தக்கில் டைமிங் செயின் கிடையாது.

காரணம், அது "டூ-ஸ்ட்ரோக்" என்ஜின். சிலிண்டரின் பக்கச் சுவரில் துவாரங்கள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே அந்தத் துவாரங்களை மூடும், திறக்கும். பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வருவதும், புகை வெளியே போவதும் அப்படியே நடந்துவிடும். வால்வும் இல்லை. வால்வைத் திறந்து மூட ஆளும் தேவை இல்லை.

"போர்-ஸ்ட்ரோக்" என்ஜின் அப்படி அல்ல. அதில் சிலிண்டருக்கு மேலே, ஹெட்டில், வால்வுகள் இருக்கின்றன. ஒன்று காற்றை உள்ளே விடும். மற்றொன்று புகையை வெளியே விடும். சரியான நேரத்தில் அவை திறக்க வேண்டும். சரியான நேரத்தில் மூட வேண்டும். அந்த நேரத்தைக் கணக்காக வைத்திருப்பதுதான் டைமிங் செயினின் வேலை.

1991-ல் "கவாசாகி பஜாஜ் 4எஸ் சாம்பியன்" என்ற போர்-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் வந்தது. 1998-ல் "லெஜண்ட்" என்ற போர்-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் இதே ஆகுர்டி தொழிற்சாலையில் இருந்து வெளிவந்தது. 2001-ல் "பல்சர்" வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாக, டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் படிப்படியாக ரோட்டை விட்டு மறைந்தன.

தந்தை காலத்துச் சேத்தக்கில் கேட்காத சத்தம் மகன் காலத்து மோட்டார் சைக்கிளில் கேட்பதற்கு இதுதான் காரணம்.

செயின் செய்யும் வேலை

என்ஜினின் கீழே இருப்பது கிராங்க். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுற்றாக மாற்றுவது அது. மேலே ஹெட்டில் இருப்பது கேம் ஷாப்ட். வால்வுகளைத் தட்டித் திறப்பது அது. இரண்டிலும் பல் சக்கரங்கள் உண்டு. இந்த இரண்டு பல் சக்கரங்களையும் இணைப்பதுதான் டைமிங் செயின். பின் சக்கரத்தை ஓட்டும் செயின் வேறு, இது வேறு. இது என்ஜினுக்குள்ளேயே ஆயிலில் நனைந்தபடி ஓடுவது. கண்ணுக்குத் தெரியாது.

கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை சுற்ற வேண்டும். அதற்காக மேல் பல் சக்கரத்தில் கீழ்ப் பல் சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு பற்கள் வைத்திருப்பார்கள்.

கிராங்க் நிமிடத்துக்கு 6 ஆயிரம் சுற்று சுற்றினால், கேம் 3 ஆயிரம் சுற்று சுற்றும். அதாவது, ஒரு வினாடிக்கு 50 தடவை ஒவ்வொரு வால்வும் திறந்து மூடுகிறது. இதில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் என்ஜினுக்குத் தெரிந்துவிடும்.

எல்லா என்ஜினிலும் இந்த வேலைக்குச் செயின் வைப்பதில்லை. சென்னை திருவொற்றியூரில் பெயர் பெற்ற புல்லட் மோட்டார் சைக்கிளில் கேமைச் சுற்றுவது பல் சக்கரங்களே. பழைய மாருதி 800 காரில் ரப்பர் பெல்ட். அம்பாசிடர் காரிலும், மும்பை டாக்சியாக ஓடிய பிரீமியர் பத்மினி காரிலும் செயின்.

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டைமிங் பெல்ட்டாக இருந்தால், இத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று கம்பெனியே கையேட்டில் எழுதிவிடும். செயினுக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு கணக்கு எழுதுவதில்லை. பார்த்து, கேட்டு, சோதித்து முடிவு செய்ய வேண்டும். வண்டிக்காரருக்குக் குழப்பம் வருவது இங்கேதான்.

இரும்பு நீளுமா?

"செயின் நீண்டுபோச்சு" என்று மெக்கானிக் சொல்வார். இரும்பு எப்படி நீளும்?

உண்மையில் இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவது இல்லை. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் இருக்கிறது. அது ஒரு சின்னக் குழலுக்குள் திரும்புகிறது. பல லட்சம் முறை திரும்பித் திரும்பி பின்னும் தேய்கிறது, குழலும் தேய்கிறது.

ஒரு கண்ணியில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் தேய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். செயினில் 90 கண்ணிகள் இருந்தால், மொத்தம் நாலரை மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். சின்ன என்ஜினுக்கு அது பெரிய நீளம்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-ல் இந்த வகைச் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னுக்கு மேலே குழலும், குழலுக்கு மேலே உருளையும் போட்டால் தேய்மானம் குறையும் என்று கண்டவர் அவர். சைக்கிள் செயின் முதல் தொழிற்சாலைச் செயின் வரை இன்றும் பெரும்பாலும் அந்த அமைப்புதான். தேய்மானத்தைக் குறைக்க முடிந்ததே தவிர, அடியோடு நிறுத்த இன்று வரை முடியவில்லை.

செயின் தொழிலில் தமிழ்நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. கோவையில் 1937-ல் போக்குவரத்துக் கம்பெனியாகத் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் பின்னர் "ரோலான்" செயினால் பெயர் பெற்றது. சென்னை முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்சும் செயின் தயாரிக்கிறது. புனே தமிழரின் வண்டிக்குள் கோவைச் செயின் ஓடிக்கொண்டு இருந்தால் ஆச்சரியம் இல்லை!

தொய்வைப் பிடிப்பவர்

செயின் நீள நீளத் தொய்வு விழும். அந்தத் தொய்வை எடுப்பதற்கு "டென்ஷனர்" என்று ஒரு கருவி இருக்கிறது. சிலிண்டரின் பின்புறம் இரண்டு போல்ட்டில் மாட்டியிருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங். அது ஒரு தண்டைத் தள்ளும். தண்டு ஒரு பட்டையைத் தள்ளும். பட்டை செயினை அழுத்திப் பிடிக்கும். செயின் தேயத் தேயத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். பின்னால் போகாதபடி பல் வைத்திருப்பார்கள். சில என்ஜின்களில் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஆயில் அழுத்தமும் வேலை செய்யும்.

ஆனால் டென்ஷனருக்கும் ஒரு எல்லை உண்டு. தண்டு முழுவதும் வெளியே வந்துவிட்டால், அதற்கு மேல் தள்ள இடம் இல்லை. அப்புறம் செயின் தன் இஷ்டத்துக்கு ஆடும். ஓரத்தில் மோதும். "கர கர" சத்தம் வரும்.

இன்னொன்றும் உண்டு. டென்ஷனர் தொய்வை எடுக்குமே தவிர, தேய்ந்த நீளத்தைக் குறைக்காது. செயின் நீண்டால், கேம் கிராங்குக்குக் கொஞ்சம் பிந்தி ஓடும். வால்வுகள் பிந்தித் திறக்கும், பிந்தி மூடும். சத்தமே இல்லாமல் கூட பிக்கப் குறைந்துபோகலாம். மைலேஜ் குறையலாம். காலையில் ஸ்டார்ட் செய்யச் சிரமப்படலாம். மெதுவான வேகத்தில் இழுவை குறைந்திருந்தால் இதையும் சந்தேகப்பட வேண்டும்.

எல்லா சத்தமும் செயின் சத்தம் அல்ல

என்ஜினில் சத்தம் என்றால் உடனே செயின் என்று முடிவு கட்டக் கூடாது.

மெல்லிய "டிக்... டிக்..." சத்தம் ஒரே தாளத்தில் வந்தால், அது பெரும்பாலும் டேப்பட் சத்தம். வால்வு இடைவெளியைச் சரி செய்தால் போய்விடும். செலவும் குறைவு.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் "டொக் டொக்" என்று கேட்டு, என்ஜின் சூடானதும் குறைந்தால், பிஸ்டன் சிலிண்டரில் மோதுகிற சத்தமாக இருக்கலாம்.

கிளட்ச் லீவரை அழுத்தியதும் சத்தம் மாறினால், குறை கிளட்ச் பக்கம்.

வண்டி ஓடும்போது மட்டும் கேட்டு, நின்று ரேஸ் கொடுத்தால் கேட்காவிட்டால், அது பின் சக்கரச் செயின்.

டைமிங் செயின் சத்தத்துக்குத் தனி அடையாளம் உண்டு. ஸ்லோவில் நன்றாகக் கேட்கும். ஆக்சிலேட்டரைத் திருகி விட்டவுடன், வேகம் இறங்கும்போது, "சர்ர்" என்று ஒரு உதறல் வரும். ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜினில் செயின் ஓடும் பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால் தெளிவாகத் தெரியும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போலத்தான்! செயின் இடது பக்கமா, வலது பக்கமா என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு வினாடிகளுக்கு மட்டும் சத்தம் வந்து நின்றுவிட்டால் பயம் இல்லை. ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டென்ஷனரில் இது நடக்கக் கூடியதே. ஆனால் அந்த ஒன்றிரண்டு வினாடி நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால், அது எச்சரிக்கை.

கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்

காது சொல்வது சந்தேகம். கண்ணால் பார்ப்பதே சாட்சி. என்ஜினை இறக்காமலே இரண்டு சோதனைகள் செய்யலாம்.

முதல் சோதனை டென்ஷனர். இரண்டு போல்ட்டைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாதி அளவுக்குள் வந்திருந்தால், செயினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. அப்படி இருந்தும் சத்தம் வந்தால், டென்ஷனர் ஸ்பிரிங்கோ, செயினைத் தாங்கும் பட்டையோ கெட்டிருக்கலாம். அதை மட்டும் மாற்றினால் போதும்.

கடைசிப் பல் வரை வந்திருந்தால், செயினின் ஆயுள் முடிந்தது. இதில் வாதத்துக்கு இடம் இல்லை.

ஒரு எச்சரிக்கை: டென்ஷனரைக் கழற்றிய பிறகு கிக்கரை மிதிக்கக் கூடாது. செல்ப் பட்டனையும் தொடக் கூடாது. பிடிப்பு இல்லாத செயின் பல் தாண்டிவிடும். திரும்ப மாட்டும்போது தண்டை உள்ளே தள்ளி வைத்து மாட்டி, பிறகுதான் விடுவிக்க வேண்டும். அப்படியே மாட்டினால் செயின் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

இரண்டாவது சோதனை டைமிங் மார்க். மேக்னட் பக்கத்து ஜன்னலில் கிராங்கின் "டி" குறியை நேராக வைக்க வேண்டும். அப்போது மேலே கேம் பல் சக்கரத்தில் உள்ள கோடு ஹெட்டின் விளிம்போடு நேராக இருக்க வேண்டும். வண்டிக்கு வண்டி இந்தக் குறி கொஞ்சம் மாறும். கோடு சற்றுப் பின்தங்கி நின்றால் செயின் நீண்டிருக்கிறது. ஒரு பல் அளவுக்கே விலகி இருந்தால், செயின் ஏற்கெனவே பல் தாண்டிவிட்டது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

அம்பாசிடரும், பத்மினியும் ஓடிய காலத்து மெக்கானிக்குகள் இன்னொரு சோதனை வைத்திருந்தார்கள். டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஸ்பேனரால் முன்னும் பின்னும் திருப்புவார்கள். டிஸ்டிரிபியூட்டரைச் சுற்றுவது கேம். ஆகவே கிராங்க் திரும்பியும் உள்ளே இருக்கும் ரோட்டார் உடனே திரும்பாமல் நின்றால், இடையில் உள்ள செயின் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கருவி எதுவும் இல்லாமலே என்ஜினுக்குள் இருக்கும் செயினை அளந்த அனுபவம் அது! மோட்டார் சைக்கிளில் கேம் கவரைத் திறந்து, கிராங்கை முன்னும் பின்னும் அசைத்து, மேல் பல் சக்கரம் எப்போது அசைகிறது என்று பார்ப்பதும் அதே சோதனைதான்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

"சத்தம் தானே? வண்டி ஓடுகிறதே!" என்று நினைப்பவர்கள் உண்டு.

தொய்ந்த செயின் ஒரு நாள் ஒரு பல்லைத் தாண்டும். கீழ்ப் பல் சக்கரத்தில் 16 பற்கள் இருந்தால், ஒரு பல் என்பது கிராங்க் கணக்கில் இருபத்திரண்டரை டிகிரி. வண்டி திணறும், "பட் பட்" என்று வெடிக்கும், ஸ்டார்ட் ஆகாமலும் போகும்.

இரண்டு மூன்று பற்களைத் தாண்டினாலோ, செயினே அறுந்தாலோ விபரீதம். பல என்ஜின்களில் வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வரும். நேரம் தவறாமல் இருப்பதால்தான் இரண்டும் மோதிக்கொள்வது இல்லை. நேரம் தவறினால், பிஸ்டன் வால்வை மோதும். வால்வு வளையும். பிஸ்டனில் குழி விழும். சில சமயம் ஹெட்டே போய்விடும்.

சில நூறு ரூபாய் செயினில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பல ஆயிரம் ரூபாய் வேலையாக மாறும்.

பணம் மட்டும் அல்ல. அறுந்த செயின் உள்ளே சிக்கிக்கொண்டால், ஓடுகிற வண்டியின் பின் சக்கரம் திடீரெனப் பிடித்துக்கொள்ளவும் கூடும். இரவு ஷிப்டு முடித்து, தூக்கக் கலக்கத்தில், பின்னால் லாரிகள் வருகிற ரோட்டில் இது நடந்தால்? அப்படி நேர்ந்தால் உடனே கிளட்சை அழுத்தி ஓரம் கட்ட வேண்டும். ஆனால் அந்த நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்வதே அறிவு.

முடிவு எடுப்பது எப்படி?

இத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று எல்லா வண்டிக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. நல்ல ஆயில் போட்டு ஓட்டிய வண்டியில் செயின் பல பத்தாயிரம் கிலோமீட்டர் உழைக்கும். ஆயில் இல்லாமல் ஓட்டிய வண்டியில் பாதி வழியிலேயே போய்விடும். ஆகவே கிலோமீட்டரை மட்டும் நம்பாமல், நிலைமையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

உடனே மாற்ற வேண்டிய நிலை மூன்று. டென்ஷனர் தண்டு கடைசி வரை வந்துவிட்டது; டைமிங் மார்க் தெளிவாக விலகி நிற்கிறது; ஆயில் மாற்றும்போது இரும்புத் துகளோ, பட்டையின் கறுப்புத் துணுக்கோ ஆயிலில் தெரிகிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கக் கூடிய நிலையும் உண்டு. லேசான சத்தம் மட்டும் இருக்கிறது. தண்டு பாதிக்குள் இருக்கிறது. மார்க் நேராக இருக்கிறது. அப்படியானால் முதலில் ஆயிலை மாற்றி, டேப்பட்டைச் சரி பார்த்து, டென்ஷனரைக் கவனித்தால் போதும். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம்.

மூன்றாவது ஒரு நிலை. வண்டி புகை தள்ளுகிறது, ஆயில் குறைகிறது, எப்படியும் "ஆப் என்ஜின்" வேலை செய்தாக வேண்டும் என்கிறார்கள். அப்போது செயின் சுமாராக இருந்தாலும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. கழற்றி மாட்டும் கூலி ஒன்றுதான். ஆறு மாதம் கழித்து அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டாம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் காலம் நெருங்கும் வண்டியில் செயின் மட்டும் போயிருந்தால் மாற்றி ஓட்டலாம். செயினோடு பிஸ்டன், கிராங்க் எல்லாம் போயிருந்தால், அந்தப் பணத்தை அடுத்த வண்டிக்கு முன்பணமாக வைப்பது லாபமா என்று யோசிக்க வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க...

செயினை மட்டும் மாற்றுவது அரை வேலை. தேய்ந்த பழைய பல் சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால், அந்தச் செயின் சீக்கிரம் தேய்ந்துவிடும். பல் கூர்மையாகவோ, ஒரு பக்கம் சாய்ந்தோ இருந்தால் பல் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். தாங்கும் பட்டைகளில் செயின் ஓடி ஆழமான கோடு விழுந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். பல வண்டிகளுக்கு இவை எல்லாம் ஒரே "கிட்" ஆகக் கிடைக்கின்றன.

மேக்னட்டைக் கழற்றாமல் செயினை எடுக்க முடியாத வண்டிகள் பல. அதற்கு "புல்லர்" என்ற தனிக் கருவி உண்டு. சுத்தியலால் தட்டிக் கழற்றுகிற ஒர்க்‌ஷாப்பாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்!

சிலர் செயினை மாற்றாமல், டென்ஷனருக்குள் வாஷர் போட்டோ, நீளமான ஸ்பிரிங் போட்டோ சத்தத்தை அடக்கிவிடுவார்கள். சத்தம் நிற்கும். நோய் நிற்காது. அழுத்தம் கூடியதால் பட்டையும் வேகமாகத் தேயும். ஊருக்குப் போகும் முன்பு சத்தம் நின்றது என்று நம்பி நீண்ட பயணம் போவது ஆபத்து.

மார்க்கெட்டில் டூப்ளிகேட் செயின்கள் உண்டு. பெட்டியும் லேபிலும் ஒரிஜினல் போலவே இருக்கும். பில் கொடுக்கும் கடையில் வாங்குவதே பாதுகாப்பு.

மாற்றி முடித்ததும் என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, மார்க் மறுபடியும் நேராக வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையை விட்டுவிட்டு வால்வை வளைத்தவர்கள் உண்டு.

இரண்டு மராத்தி வாக்கியம்

ஊரில் இருந்து புதிதாக வந்த தமிழர்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் மொழிச் சிக்கலும் சேர்ந்துவிடுகிறது. மெக்கானிக் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு வாக்கியம் தெரிந்தால் போதும்.

"டென்ஷனர் காடூன் தாக்வா." டென்ஷனரைக் கழற்றிக் காட்டுங்கள் என்று பொருள்.

"ஜுனீ செயின் பரத் த்யா." பழைய செயினைத் திருப்பிக் கொடுங்கள் என்று பொருள்.

பழைய செயினைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். புதுச் செயினையும் பழைய செயினையும் பக்கத்தில் தொங்கவிட்டால் நீள வித்தியாசம் தெரியும். பழைய செயினைப் படுக்கையாகப் பிடித்தால், தேய்ந்த செயின் வில் போல வளைந்து தொங்கும். நல்ல மெக்கானிக் இதைத் தானாகவே காட்டுவார். கேட்டால் கோபப்படவும் மாட்டார்.

ஆயிலே ஆயுள்

செயின் நீண்ட நாள் உழைக்க ஒரே வழி ஆயில்.

சின்ன மோட்டார் சைக்கிள் என்ஜினில் சுமார் ஒரு லிட்டர் ஆயில்தான் இருக்கிறது. அந்த ஒரு லிட்டரே பிஸ்டனுக்கும், கியருக்கும், கிளட்சுக்கும், செயினுக்கும் போதியாக வேண்டும். அதில் கால் லிட்டர் குறைந்தாலும் மேலே ஹெட் வரை போகிற ஆயில் பாதிக்கப்படும். கரி கலந்து கறுத்த ஆயில், செயின் பின்களுக்கு உப்புத்தாள் மாதிரி. தேய்த்துக்கொண்டே இருக்கும்.

வாரம் ஒரு முறை ஆயில் அளவைப் பார்ப்பது. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் சொன்ன ரக ஆயிலை மாற்றுவது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முறுக்காமல் ஒரு நிமிடம் ஸ்லோவில் விடுவது. இந்த மூன்றும் செயினின் ஆயுளைக் கூட்டும். ஆயில் மாற்றும் செலவு, செயின் மாற்றும் செலவில் சிறு பங்குதான்.

மறுபடியும் செயின் இல்லாத வண்டி

ஆகுர்டி தொழிற்சாலையில் 2007-ல் வண்டி உற்பத்தி நிறுத்தப்பட்டது. சாக்கன், வாலுஜ் போன்ற இடங்களுக்கு வேலை மாறியது. ஆகுர்டியை நம்பி வீடு கட்டியவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆகுர்டியில் மறுபடியும் ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டது. இந்த முறை அங்கே தயாரானது மின்சாரச் சேத்தக். பழைய சேத்தக்கைப் போலவே இதிலும் டைமிங் செயின் இல்லை. வால்வும் இல்லை, பிஸ்டனும் இல்லை. மோட்டார்தான்.

ஆனால் ரோட்டில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இன்னும் பெட்ரோல் வண்டிகள்தான். அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் செயின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தினமும் வேலைக்குக் கொண்டு போய்விட்டு, வீட்டில் கொண்டு வந்து சேர்க்கிறது.

அது "கர கர" என்றால் பயப்பட வேண்டாம். அலட்சியமும் வேண்டாம். இந்த வாரக் கடைசியில் இரண்டு போல்ட்டைக் கழற்றி டென்ஷனரைப் பார்த்துவிடுங்கள். மாற்றுவதா, ஓட்டுவதா என்பது தெரிந்துவிடும்.